மூடி கம்பெனி வண்டியில் ஒரு ஜன்னல் ஸீட்

நவம்பர் 3, திங்கட்கிழமை, காலை 6.52. பாகூரில் தூறல். காற்று இல்லை. நானும் என் தங்கை தனலட்சுமியும் சாலையோரம் ஒரே குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தோம்.

மூடி கம்பெனி வண்டி வந்தது. ஹாரன் மூன்று முறை அடித்தது. நிற்காமல் போய்விட்டது.

போகிற வண்டியின் ஜன்னல்களிலிருந்து நாலைந்து கைகள் நீண்டன. தனமும் கையை ஆட்டினாள். வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது.

"வாண்ணா, நனையற" என்றாள்.

நனைந்தது அவள்தான். குடை என் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு வண்டி நிற்கவில்லை, அவ்வளவுதானே? சொல்கிறேன். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்திக்குப் போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏதோ கம்பெனியில் மேனேஜராம். 'ஊழியர்கள் விரும்பி வருகிற இடமாக ஆபீஸை மாற்ற என்ன செய்யலாம்? சாய்ந்து உட்காரச் சோபா போட்டோம், காபி மெஷின் வைத்தோம், வெள்ளிக்கிழமை தோறும் கேம்ஸ் நடத்துகிறோம். ஆனாலும் ராஜினாமா செய்துகொண்டே இருக்கிறார்கள்' என்று.

ஐயா, எனக்குத் தெரிந்தது இந்த வண்டிதான்.

தனம் என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை, இந்தப் பத்தியில் அடங்காது. என் மனைவி காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் பணத்தை எண்ணி ஓய்வு பெற்றவன். அவள் வில்லியனூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். அதனால் எங்கள் பக்கத்தில் அதற்கு மூடி கம்பெனி என்றே பெயர்.

வேலை என்ன தெரியுமா? பெல்ட்டில் மூடி வந்துகொண்டே இருக்கும். உடைந்தது, கோணியது, நிறம் மாறியது – இவற்றைப் பொறுக்கிப் போட வேண்டும். நாள் முழுக்க. இருபத்தேழு வருஷம்.

ஒருநாள்கூட அந்த வேலையைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "கண்ண மூடுனாலும் மூடிதாண்ணா ஓடுது" என்பாள். சூப்பர்வைசர் ஒரு சிடுமூஞ்சி. ஃபேன் ஒன்று ஓடினால் ஒன்று ஓடாது. சம்பளமோ... விடுங்கள்.

ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்ப அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. ஜுரத்தில்கூட.

மார்ச் மாதக் கடைசியில் அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ரிடையர் ஆனாள். மாலை போட்டு, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். சரி, இனிமேலாவது ஏழு மணி வரைக்கும் தூங்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பார்க்கிறேன் – குளித்து, தலையில் பூ வைத்து, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடுகிறாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"வண்டிக்கு."

"உனக்குத்தான் வேல முடிஞ்சிடுச்சே?"

"வேலைக்குப் போறேன்னு யார் சொன்னா? வண்டில ஏறிட்டு வரேன்."

எனக்குப் புரியவில்லை. ஒன்பதேகாலுக்குத் திரும்பி வந்தாள். கையில் வில்லியனூர் மார்க்கெட்டில் வாங்கிய முளைக்கீரை. விசாரித்தால் விஷயம் இதுதான்: வழக்கம்போல வண்டியில் ஏறி, ஏம்பலம், மங்கலம் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட் வரை போயிருக்கிறாள். கேட்டில் எல்லோரும் இறங்கி உள்ளே போக, இவளும் இறங்கி, "போய் வேலையப் பாருங்கடி" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன பைத்தியக்காரத்தனம் தனம்? வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. பஸ்ஸுக்கு வேற தண்டம்."

"காலையில எழுந்து கோயிலுக்குப் போறவங்கள இப்டி கேப்பியா?"

பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அந்த வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒருநாள் தெரிந்துகொண்டேன். அவள் மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எழுபதை நெருங்குகிறவனின் ஓட்டம் எப்படி இருக்கும்? வண்டி நின்றிருந்தது, அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இடது பக்கம், மூன்றாவது ஜன்னல். அவள் முதுகு தெரிந்தது. உள்ளே ஒரே சிரிப்பு.

யாரோ ஒரு கிழவரின் குரல் கேட்டது. மூக்கால் பேசுகிற, எதற்கெடுத்தாலும் பதறுகிற குரல்.

"தனம்! இங்க வா! தீப்பொட்டியில அம்பது குச்சின்னு போட்டிருக்கான். நாப்பத்தாறுதான் இருக்கு! மிச்சம் நாலு எங்க? நீ கொளுத்தினியா?"

வண்டியே குலுங்கியது. ஒரு பெண் சிரிப்பு தாளாமல் முன் ஸீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அந்தக் கிழவர் நான்தான். பேசியது என் தங்கை.

கோபம் வந்ததா என்று கேட்டால்... இல்லை. ஆச்சரியமாக இருந்தது. இவளுக்கு இது வருமா? வீட்டில் அவள் என்னிடம் பேசுவது நான்கு வாக்கியம். சாப்பிட வா. மாத்திரை போட்டியா. மோட்டார நிறுத்து. கதவு சாத்தியாச்சா. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன்.

கண்ணாடியை டிரைவர் அந்தோணியிடம் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வண்டியில் பதினெட்டு பெண்கள். வீட்டில் தலைவார நேரம் இருக்காது. வண்டியில் ஏறினால் பின்ஸீட்டில் இருப்பவள் முன்ஸீட்டுக்காரிக்குப் பின்னிவிட வேண்டும், அது சட்டம். இட்லி டப்பா ஒரு முனையில் திறந்தால் மறுமுனைக்குப் போவதற்குள் காலி. புருஷன் அடித்தால் அந்தப் பஞ்சாயத்து, மாமியார் பேசினால் அந்தப் பஞ்சாயத்து. ஒருத்தி அழுவாள், ஒருத்தி திட்டுவாள், இன்னொருத்தி சிரிக்கவைத்துவிடுவாள். வண்டியைத் தவறவிட்டு பஸ்ஸில் வருகிறவள் மறுநாள் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கி வர வேண்டும் – ஃபைன்.

"வூட்ல இருக்கற வரைக்கும் அவங்க கையில. கேட்டுக்குள்ள போய்ட்டா சூப்பர்வைசர் கையில. நடுவுல அந்த அம்பது நிமிஷந்தாண்ணா எங்க கையில" என்றாள்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு மேஜை இருந்தது, ஃபேன் இருந்தது, பென்ஷனும் வருகிறது. ரிடையர் ஆன மறுநாள் அந்தக் கட்டடம் இருக்கிற தெருப்பக்கம் போக எனக்குத் தோன்றியதா? இன்றுவரை தோன்றவில்லை. என்னை அங்கே யாரும் தேடவும் இல்லை.

ஏழு மாதம் இப்படி ஓடியது. யாருக்கும் நஷ்டமில்லை. வண்டியில் நாலு ஸீட் எப்போதும் காலியாகவே போகும். அந்தோணியும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் அவள் வராவிட்டால் அவனே, "அக்காவுக்கு உடம்பு சரியில்லியா?" என்று போன் செய்வான்.

கெடுத்தது எது தெரியுமா? ஒரு பரிசு!

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடுவார்கள். இந்தப் பெண்கள் மட்டும் வருஷா வருஷம் வண்டிக்கும் தனியாகப் பூஜை போடுவார்கள். வாழைக்கன்று, மாவிலை, சரஞ்சரமாக சாமந்தி. கன்றும் பூவும் தனம் பொறுப்பு, பாகூரில் மலிவு என்பதால். இந்த வருஷமும் அவள்தான் வாங்கிப் போனாள். ரிடையர் ஆனவள் பூஜைக்குப் போகக் கூடாதா என்ன?

அதே நேரத்தில் தலைமை அலுவலகத்தில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். 'நம் பணியிடத்தின் மகிழ்ச்சி' – ஒரே ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். எல்லா ஊர்க் கிளைகளிலிருந்தும் போனதாம். இவர்கள் வண்டி முன்னால் நின்று எடுத்த போட்டோவை அஞ்சலை என்ற பெண் தன் செல்போனிலிருந்து அனுப்பிவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அவள் மனசுக்கு அதுதான் பணியிடத்தின் மகிழ்ச்சியாகப் பட்டிருக்கிறது. நடுவில் இரண்டு கையிலும் கற்பூரம் எரியும் பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, தனம்.

முதல் பரிசு!

போட்டோவில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் என்று அறிவித்தார்கள். கொடுப்பதற்காகப் பெயர் எடுத்தபோது ஒரு தலை மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. நடுவில் பூசணிக்காயோடு நிற்கிற அம்மா யார்?

விசாரித்தார்கள். வெளியாள். ஏழு மாதமாகக் கம்பெனி வண்டியில் வெளியாள்.

அந்தோணிக்கு மெமோ. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணு..."

"ஏய், இன்னாத்துக்குக் கண்ணக் கசக்கற? நான் கேட்டனா உன்ன?" என்றாள் தனம். "நாளையிலருந்து நிக்காத. ஹாரன் மட்டும் அடிச்சிட்டுப் போ. இருக்கேன்னு நானும் கை காட்டறேன், போறோம்னு நீங்களும் காட்டுங்க. போதும்."

அவன் போகும்போது ஒரு பையை வைத்துவிட்டுப் போனான். உள்ளே ஹாட்பாக்ஸ். பதினெட்டு பேரும் காசு போட்டுக் கடையில் வாங்கியது. பரிசு ஹாட்பாக்ஸ் நீலம், இது சிவப்பு. அதே நீலம் கிடைக்கவில்லையாம்.

அடுத்த நாள்தான் நான் முதலில் சொன்ன அந்தத் திங்கட்கிழமை.

எனக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கே போனேன். மனிதவள மேலாளர் சின்னப் பையன்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த போட்டோ. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கீழே தங்க எழுத்தில் 'முதல் பரிசு'.

"தம்பி, டிக்கெட் காசு வேணும்னா கட்டிடறோம். மாசா மாசம் முன்கூட்டியே."

"காசுக்கு இல்ல சார். வண்டி இன்சூரன்ஸ் ஸ்டாஃபுக்கு மட்டுந்தான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது? அம்மாவுக்கே ஏதாவது ஆச்சுன்னா நீங்களே என்னைக் கேப்பீங்க."

விதி என்றால் விதிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஃபைலில் அதையேதான் எழுதுவேன்.

"மறுபடியும் கான்ட்ராக்ட்ல வேலைக்கு எடுக்க முடியுமா?"

"கண்ணு டெஸ்ட் பாஸாகணும் சார். அம்பத்தெட்டுக்கு மேல கஷ்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

கேட்டிருந்தேன். "அந்த மூடிய இன்னொரு தடவ நான் பாக்கணுமா? போண்ணா" என்றிருந்தாள்.

எழுந்தேன். சுவரைக் காட்டிக் கேட்டேன்: "அப்ப இது?"

பாவம், அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போட்டோல இருக்கட்டும் சார். வண்டியிலதான் கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஊழியர்களின் சந்தோஷம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை படங்களில் சரியானதைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை... சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை வரை தனம் போய் நின்றாள். ஹாரன், கை, ஹாரன், கை. அடுத்த திங்கட்கிழமை போகவில்லை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தூரத்தில் ஹாரன் கேட்டது. தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோசைதான் கருகியது.

பூ வைப்பது நின்றது. தலையை வாரி அப்படியே முடிந்துகொண்டாள். எனக்குச் சொல்கிற நான்கு வாக்கியம் இரண்டாகச் சுருங்கியது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து தொட்டி வழிந்தது, கேட்க ஆளில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் – கணக்கு. மூன்று நாள் காலையில் 'வாக்கிங்' என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். டவுன் பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எங்கெங்கே நிற்கிறது, கம்பெனி வண்டி பின்னால் எவ்வளவு நேரத்தில் வருகிறது. இரண்டும் ஒரே ரோடு. பஸ் நின்று நின்று போகும். ஏம்பலம் தாண்டியதும் எங்கோ ஓரிடத்தில் வண்டி பஸ்ஸை முந்தியாக வேண்டும். முந்தும்போது பஸ்ஸின் வலது ஜன்னலும் வண்டியின் இடது ஜன்னலும் பக்கத்தில் வரும். ஒரு நிமிஷமாவது முகத்தைப் பார்ப்பாளே!

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பேங்க்ல லைஃப் சர்டிஃபிகேட் குடுக்கணும், துணைக்கு வா" என்றேன்.

வியாழக்கிழமை. ஏறினோம். வலது பக்கம் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். வில்லியனூருக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஏம்பலம் வந்தது, தாண்டியது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாண்ணா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது."

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. பின்னால் அந்த ஹாரன். வண்டி வலது பக்கமாக முந்த வந்தது. எதிரில் கரும்பு லோடு டிராக்டர். வழியில்லை. வண்டி எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

என் கணக்கைவிட நன்றாக அமைந்தது. கையை நீட்டினால் தொடலாம்.

"ஏய்! அக்காடி! தனம்க்கா!"

ஜன்னல் முழுக்க முகங்கள். தனம் எழுந்தே நின்றுவிட்டாள். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தப் பல்வரிசையைப் பார்க்கிறேன்!

"எங்கக்கா கெளம்பிட்ட, காலங்காத்தால?"

"சும்மாடி... பேங்குக்கு. நீங்க இன்னாடி எளச்சிட்டீங்க?"

"நீ இல்லாம பஞ்சாயத்தே ஓடலக்கா" என்றாள் பின்ஸீட்டு மேரி. பேசிக்கொண்டே அவள் கை முன்ஸீட்டில் இருந்த பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது. இடது பக்கம், மூன்றாவது ஜன்னல். இருபது வயதுகூட இருக்காது.

"இது நெட்டப்பாக்கத்துப் பொண்ணுக்கா. புதுசு. உன் பெல்ட்லதான் போட்டிருக்காங்க."

அந்தப் பெண் தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி, "வணக்கம் ஆன்ட்டி" என்றாள்.

நல்ல பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரோம்க்கா!"

"வாங்கடி. குழம்பு வெச்சு வைக்கறேன்."

அப்போது வண்டியின் பின்னாலிருந்து அஞ்சலை ஏதோ சொன்னாள். சின்னதாக, இரண்டே வார்த்தை. அவ்வளவுதான், வண்டி முழுக்க வெடித்துச் சிரித்தது. ஜன்னலில் இருந்த முகங்கள் எல்லாம் உள்பக்கம் திரும்பிவிட்டன. மேரி பின்னலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புதுப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தனமும் சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து, கொஞ்சம் பிந்தி.

டிராக்டர் நகர்ந்தது. வண்டி புறப்பட்டது. இரண்டு மூன்று கைகள் வெளியே வந்து ஆடின. முகங்கள் திரும்பவில்லை.

தனம் மெதுவாக உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்:

"அஞ்சல இன்னா சொன்னா?"

"எனக்குக் கேக்கல தனம்."

"நீயும் பக்கத்துலதான இருந்த?"

"என் காது உனக்குத் தெரியாதா?"

"அந்தப் புதுப் பொண்ணுக்குக்கூடப் புரிஞ்சிடுச்சு." வெளியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னான்னு சிரிச்சாளுங்கன்னே தெரியலண்ணா."

கையிலிருந்த இரண்டு டிக்கெட்டையும் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வாசகருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். சோபா இருக்கட்டும், காபியும் இருக்கட்டும். யாராவது சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிகிறதா? அதை மட்டும் பாருங்கள். அது இருந்தால் உடைந்த மூடியைப் பொறுக்கியே ஒருத்தி இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிடுவாள்.

மங்கலம் வந்தபோது தனம் எழுந்தாள். "எறங்கலாம்ணா."

"வில்லியனூர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கேனே..."

"பேங்க் பத்து மணிக்குத்தான் தெறப்பான். எனக்குத் தெரியாதா?"

இறங்கினோம். எதிர்ப்பக்கம் போய் நின்று, முக்கால் மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

போக நாற்பது ரூபாய், திரும்ப முப்பது. ஆக, எழுபது.